புகார் எழுதும் முன் பிடிஎஃப்பை இறக்கி வையுங்கள்

கடலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். சிப்காட்டை ஒட்டிய ஊர்களின் கிணற்று நீர்தான் என் பிஎச்.டி. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் என்று இரண்டு கோடை, இரண்டு மழைக்காலம் வண்டியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஆய்வேடு ஷோத்கங்கா என்ற ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. கிடக்கட்டும், அதற்குத்தானே எழுதினோம்.

சில மாதங்களுக்கு முன் மாணவி ஒருத்தி, ஓர் ஆய்விதழில் வேறு யாரோ எழுதியிருந்த கட்டுரையின் ஜெராக்ஸோடு வந்தாள். "சார், இது உங்க டேபிள் மாதிரியே இருக்கு" என்றாள். மாதிரி என்ன மாதிரி, என்னுடையதேதான். டிடிஎஸ் (நீரில் கரைந்த திடப்பொருள்களின் அளவு), குளோரைடு, கடினத்தன்மை எல்லாம் தசமப்புள்ளி மாறாமல் இருந்தன. ஓர் அட்டவணையில் ஒரே கிணற்றின் எண்ணை நான் தவறுதலாக இரண்டு தடவை அடித்திருந்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில்கூட யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிழையும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. ஊர்ப் பெயர்களைத் தூக்கிவிட்டு மேற்கே ஒரு மாவட்டத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். ஆனால் முடிவுரையில் ஒரு வரியில் நம் கடலூர் உப்பனாறு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

இதழின் தளத்தைப் போய்ப் பார்த்தேன். பதிப்பு நெறிமுறை என்று ஒரு நீண்ட பக்கம், புகார்களுக்கு ஏழு நாளில் பதில் என்று ஓர் உறுதிமொழி, ஐஎஸ்எஸ்என் எண், கீழே 'கோப்' என்ற பதிப்பு நெறிமுறை அமைப்பின் சின்னம். நம்பிவிட்டேன். அன்று இரவே மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். எந்த அட்டவணை, எந்தப் பக்கம், இரட்டைக் கிணறு, உப்பனாறு என்று என் கையில் இருந்த துருப்புச் சீட்டு அத்தனையையும் விரித்துக் காட்டிவிட்டேன். கட்டுரையை இறக்கி வைக்கவில்லை. இணையத்தில்தானே இருக்கிறது, எங்கே போகும் என்ற நினைப்பு.

பத்து நாள் கழித்து 'ஆசிரியர் குழு' என்ற கையெழுத்தோடு பதில் வந்தது. மனிதர் பெயர் கிடையாது. மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்த்து விசாரணை தொடங்க 4,500 ரூபாய் கட்ட வேண்டுமாம், புகார் நிரூபணமானால் திருப்பித் தருவார்களாம். "பறிகொடுத்தவனே பணமும் கட்டணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்காமல் கட்டினேன். ஜிபேயில் வந்த பெயர் இதழின் பெயரும் இல்லை, பதிப்பகத்தின் பெயரும் இல்லை, யாரோ ஒரு தனி ஆள். அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும். புகாரைக் கேட்பதற்குக் காசு வாங்குவது முறையான இதழ் செய்கிற வேலை இல்லை.

அடுத்த வாரம் அந்தச் சுட்டியைத் திறந்தால் பக்கம் காலி. பொருளடக்கத்தில் 40ஆம் பக்கத்துக்கு அடுத்து 49 என்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். 'திரும்பப் பெறும் அறிவிப்பு எங்கே?' என்று கேட்டு எழுதினேன். 'அப்படி ஒரு கட்டுரை எங்கள் இதழில் வெளிவந்ததே இல்லை' என்று பதில் வந்தது.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். கட்டுரையைத் திரும்பப் பெறுவது வேறு, சத்தமில்லாமல் அழிப்பது வேறு. முறைப்படி என்றால், என்ன காரணம், யார் திரும்பப் பெறுகிறார்கள் என்று அறிவிப்பு வர வேண்டும். அதை எவரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும். பழைய கட்டுரையும், திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு அங்கேயே இருக்க வேண்டும். அழித்துவிட்டால் லாபம் திருடியவருக்குத்தான். என் சாட்சியத்தை அழிக்க நானே 4,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

சரி, கோப்பிடம் போகலாம் என்று பார்த்தேன். 1997இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. உறுப்பினர் பட்டியல் அவர்கள் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தேடினால் இந்த இதழ் அதில் இல்லை. சின்னத்தை யாரோ படமாக ஒட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உறுப்பினராக இருந்தாலும் முதலில் இதழிடமும் பதிப்பகத்திடமும் புகார் கொடுத்து முடித்திருக்க வேண்டும். கோப் பார்ப்பது நெறிமுறைப்படி நடந்தார்களா என்பதை மட்டும்தான். யார் திருடினார் என்று தீர்ப்புச் சொல்லாது. ஐஎஸ்எஸ்என்னும் தரச் சான்று இல்லை, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி ஓர் அடையாளம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தரமான இதழ்களுக்கென வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, இனி நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் திறந்த ஒரே கதவு, அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம். யுஜிசியின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி துறை அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். புகார் வந்த 45 நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். 60 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வதோடு இரண்டு ஆண்டு ஊதிய உயர்வும் போகும், மூன்று ஆண்டுக்குப் புது ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது. இதழுக்கு எழுதிய நேரத்தில் இங்கே எழுதியிருந்தால் கட்டுரை தளத்திலேயே இருந்திருக்கும்.

இன்றைக்குச் செய்வதாக இருந்தால் முதலில் பிடிஎஃப். அப்புறம் அந்தப் பக்கத்தையும் பொருளடக்கத்தையும் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமிப்பேன், அங்கே தேதியோடு நிற்கும். அதன் பிறகு நிறுவனத்துக்குக் கடிதம். இதழுக்குக் கடைசியில், அதுவும் நாலு வரி. பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்; நான் இரண்டு மாதம் கழித்து அழைத்தேன், இன்னும் ஒன்றும் வரவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது மாணவி கொண்டுவந்த ஜெராக்ஸ் மட்டும். உப்பனாறு என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அதன் நகலையும் ஆய்வேட்டையும் மஞ்சக்குப்பம் தபால் நிலையத்திலிருந்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒப்புதல் அட்டை வந்துவிட்டது, 45 நாளில் பன்னிரண்டு போயிருக்கிறது. இதழின் பெயரை இன்பாக்ஸில் கேட்காதீர்கள், குழுவின் அறிக்கை வரும்வரை சொல்வதாக இல்லை.