வெள்ளவத்தை வீட்டுக்குள் பாதிக் கந்தோர்: நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

கிழமையில் இரண்டு நாள் கந்தோருக்கு வந்தால் போதும் என்ற முறையை எங்கள் கம்பனி கொரோனாவுக்குப் பிறகு நிரந்தரமாக்கிவிட்டது. மிச்ச நாட்களில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலை. எப்படிப் போகிறது என்று விசாரிப்பவர்கள், கேள்வியோடு பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: "போக்குவரத்துக் காசு மிச்சம், என்ன?" மிச்சம்தான். ஆனால் அது என் கையில் நிற்கவில்லை. வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விட்டது. முன்பு கம்பனி கட்டிய இடவாடகையில் ஒரு துண்டை இப்போது நான் கட்டுகிறேன் என்றுதான் இந்த ஏற்பாட்டைப் பார்க்கிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோது யாரும் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துச் சமாளித்தோம். கொழும்பில் மே 26ஆம் திகதி ஊரடங்கைத் தளர்த்தியதும் பலர் கந்தோருக்குத் திரும்பினார்கள். பழக்கத்தை உண்மையாகவே மாற்றியது 2022 என்பேன். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்த நிலையில் எந்த முதலாளி ஆட்களைத் தினமும் வரச் சொல்வார்? 2023 செப்டெம்பரில் கியூஆர் முறையை நிறுத்தினார்கள். அதற்குள் எல்லாருக்கும் வீட்டு வேலை பழகிவிட்டது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கந்தோர் நாட்களில் காலையில் கரையோரப் பாதை ரயிலில் கொழும்புக் கோட்டைக்கு, பின்னேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியாகத் திரும்பி வருவது, மழை என்றால் ஓட்டோ. ரயில் மாதச் சீசன் டிக்கட் தினமும் போகிறவருக்குக் கட்டும். என்னைப்போல் கிழமைக்கு இரண்டு நாள் போகிறவருக்கு அவ்வளவு பிரயோசனம் இல்லை. வாகன இறக்குமதித் தடை 2020இல் இருந்து 2025 தொடக்கம் வரை நீடித்ததில் பழைய கார்களே யானை விலை விற்றன. அதனால் கார் வாங்கும் யோசனையை அப்படியே விட்டுவிட்டேன். அதில் எனக்குக் கவலை இல்லை.

வீட்டு விஷயம்தான் பெரிய கதை. கடலோர ரயில் பாதையை ஒட்டிய மரைன் டிரைவ் பக்கம் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் ஜன்னலைத்தான் திறந்து காட்டுவார். "தம்பி, கடல் காத்து, ஃபேனே தேவையில்லை." இரவில் அது உண்மை. பகல் முழுக்கக் கந்தோரில் இருந்த காலத்தில் அது போதும். ஆனால் கடல் பார்த்த அறை மேற்குப் பார்த்த அறை. மதியம் திரும்பியதும் வெயில் நேரே மேசைக்கு வரும். ஸ்கிரீனில் எதுவும் தெரியாது, திரையை மூடினால் காற்று நிற்கும், பிறகு ஏசிதான். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம் ஏறியது. பிறகு சில தடவை குறைத்தார்கள், சரி. ஆனாலும் வீட்டுப் பாவனைக்குப் படிமுறைக் கட்டணம். அலகுகள் கூடக் கூட அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். பின்னேரம் மூன்று மணித்தியாலம் ஏசி போட்டாலே அடுத்த படிக்குப் போய்விடுவோம்.

உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் பிணைச்சல், ஃபேன் எல்லாம் துருப்பிடிக்கும். ரயில் ஹோர்ன் சரியாக மீட்டிங் நடுவில்தான் அடிக்கும்; கொழும்பு ஆட்கள் கேட்டும் கேளாததுபோல் இருப்பார்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர் மட்டும் "என்ன அது?" என்பார். பக்கத்துக் காணியில் புதுக் கட்டிடம் எழும்பினால் ஹோர்னே பரவாயில்லை என்று தோன்றும். வெள்ளவத்தையில் எப்போதும் ஏதோ ஒரு காணியில் கட்டிடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியில் காலி வீதிக்கு அந்தப் பக்கம், கடலை விட்டுத் தள்ளி, கிழக்குப் பார்த்த சின்ன வீட்டுக்கு மாறினேன். கடல் தெரியாது. வாடகை பெரிதாகக் குறையவுமில்லை, அட்வான்ஸும் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் மதியத்துக்குப் பிறகு அறை குளிர்மை. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தது நினைவிருப்பவர்கள், ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டுமா வீட்டு பிளக்குக்குமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். "ஜெனரேட்டர் இருக்கு" என்று மட்டும் சொன்னால் அனேகமாக லிப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும்தான். நல்ல கதிரையும் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் என் காசில் வாங்கியவை.

வீட்டில் இருப்பதால் வரும் இன்னொரு வேலை, அம்மாவின் "வீட்டிலதானே நிக்கிறாய்". மீன்காரர், காஸ் சிலிண்டர், மாமியின் டொக்டர் அப்பொயின்ட்மென்ட் எல்லாம் அதற்குள் வரும்.

மனம் நிறைந்து சொல்லக்கூடிய நன்மை ஒன்று உண்டு. முன்பு யாழ்ப்பாணம் போவதென்றால் லீவு போட வேண்டும். இப்போது வெள்ளவத்தையிலேயே இரவு பஸ் ஏறி, மறுநாள் ஊர் வீட்டு விறாந்தையில் இருந்து வேலை செய்யலாம். 2023இல் வடக்கு ரயில் பாதையைத் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடியபோதும் இந்த பஸ்தான் கைகொடுத்தது.

தனி அறையும் வேலை நேரத்தை மதிக்கும் வீட்டாரும் இருந்தால் இந்த முறை நல்லது. கொட்டாஞ்சேனையில் ஒரு அறையை நாலு பேர் பகிர்ந்திருக்கும் எங்கள் கந்தோர்ப் பிள்ளைகளுக்கு இது சரிவராது. அவர்கள் ஐந்து நாளும் கந்தோருக்கு வருகிறார்கள். மேலாளர் அதை அர்ப்பணிப்பு என்று புகழ்கிறார். பிள்ளைகள் ஏசிக்கும் வைஃபைக்கும் வருகிறார்கள். அடுத்த சம்பளப் பேச்சில் அவர்களுக்குப் பயணப்படியும் எங்களுக்கு மின்கட்டணப் படியும் சேர்த்துக் கேட்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.