கப்பலில் 'டிரிங்க்ஸ் எல்லாம் சேர்த்துத்தான்' என்று ஏஜென்சி சொன்னால் நம்பாதீர்கள்: 59,493 ரூபாய் போச்சு

சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம் போய்வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. கப்பலில் குடித்த பானங்களுக்கு மட்டும் 59,493 ரூபாய். அதுவும் 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்' என்று ஊரிலேயே தனியாக 52,000 ரூபாய் கட்டிவிட்டுப் போன பிறகு. லீவுக்குக் கப்பலில் போகலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைப் படியுங்கள்.

ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். கோவையில் நல்ல கூட்டம் வரும் டிராவல் ஏஜென்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் பெயரும் வேண்டாம். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணம். இந்த வழியில் ஓடும் பெரிய கப்பல்களில் ஒன்று.

அண்ணன், அண்ணிக்குக் கல்யாணமாகி 25 வருடம். அண்ணன் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மில் வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்றே ஓடியவர். கடலைப் பார்த்தபடி அண்ணியோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நானும் என் மனைவியும் அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். குடியில் ஊறிய குடும்பம் இல்லை நாங்கள். அண்ணி ஜூஸும் காபியும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

ஏஜென்சிக்காரர் கொட்டேஷனை மேஜையில் வைத்து, 'பிரீமியம் டிரிங்க்ஸ் பேக்கேஜ், 4 பேர், ரூ. 52,000' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். "இதுல ஒயினும் வருங்களா?" என்று கேட்டேன். "ஒயின், பீர், காக்டெயில், ஜூஸ், காபி எல்லாமே வருங்ணா. கப்பல்ல ஏறினப்புறம் நீங்க பர்ஸையே தொட வேண்டாம்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்லிப் நீட்டுவாங்க. அது சும்மா அவங்க கணக்குக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, கடைசி நாள் அட்ஜஸ்ட் ஆயிரும்" என்றார். அண்ணியைப் பார்த்து, "அக்கா, ஒண்ணும் யோசிக்காம போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். தன் சொந்த நம்பரையும் எழுதிக் கொடுத்தார். ஸ்லிப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கப்பல் நடைமுறை எல்லாம் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மரீனா பே துறைமுகத்தில் ஏறும்போதே நம் கிரெடிட் கார்டை அறைக் கணக்கோடு இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு கப்பலுக்குள் ரொக்கம் கிடையாது, எல்லாமே அறைக் கார்டுதான். எங்கள் கார்டுகளில் சின்னதாக ஒரு கிளாஸ் படம் அச்சிட்டிருந்தது. முதல் பாரில் பரிமாறியவர் அதைப் பார்த்துவிட்டு, "பேக்கேஜ் இருக்கு சார்" என்றே சொன்னார். பேக்கேஜ் இருந்தது உண்மைதான். ஆனால் அது சோடா பேக்கேஜ்! கோக், ஸ்ப்ரைட் மாதிரி பானங்களுக்கு மட்டும். ஒயினும் பீரும் அதில் வராது, பிழிந்த ஆரஞ்சு ஜூஸும் வராது, காபிக் கடைக் காபியும் வராது.

அந்த ஸ்லிப் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பானத்தின் பெயர், அமெரிக்க டாலரில் விலை, அதன் கீழே 18 சதவீத சேவைக் கட்டணம், அதற்கும் கீழே கூடுதலாக டிப்ஸ் எழுத ஒரு காலிக் கோடு, கடைசியில் கையெழுத்து. மங்கலான வெளிச்சத்தில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், பேனாவோடு சேர்த்து நீட்டுவார்கள்.

விலையையும் கேளுங்கள். ஒரு கிளாஸ் ஒயின் 13 டாலர். 18 சதவீதம் சேர்ந்தால் 15.34. எங்கள் வங்கி டாலருக்கு 86 ரூபாய் போட்டது, அப்படியானால் ஒரு கிளாஸ் 1,319 ரூபாய். பீர் 9 டாலர், கைக்கு வரும்போது 913 ரூபாய். அண்ணி குடித்த ஆரஞ்சு ஜூஸ் 5 டாலர், 507 ரூபாய். கப்புச்சினோ நாலரை டாலர், 457 ரூபாய். மேல்தளத்தில் சாப்பாட்டுக் கூடத்து மெஷினில் காபி, டீ, தண்ணீர் எல்லாம் இலவசம். இரண்டு தளம் கீழே காபிக் கடையில் அதே காபிக்குக் காசு. கல்யாண நாள் இரவு அண்ணன் ஆசைப்பட்டு ஒரு பாட்டில் ஒயின் வாங்கினோம். 56 டாலர், சேவைக் கட்டணத்தோடு 66.08. அந்த ஒரு பாட்டில் மட்டும் 5,683 ரூபாய்.

நடுக்கடலில் எந்த ஊர் மது வரியும் கிடையாது, அதனால் மலிவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வரி இல்லாத லாபம் நமக்கு வருவதில்லை. கப்பலைவிட்டால் வாங்க வேறு கடை இல்லை, அவர்கள் வைத்ததுதான் விலை. கப்பலுக்குள் இருக்கும் வரியில்லாக் கடையில் பாட்டில் வாங்கினாலும் கையில் தர மாட்டார்கள், கடைசி இரவுதான் வரும். பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை. கப்பலுக்குள் நாம் செய்யும் செலவில் வருகிறது, அதில் மதுவுக்குப் பெரிய பங்கு உண்டு. டிக்கெட் எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் லிட்டில் இந்தியா. அங்கே ஒரு தமிழ்க் கடையில் டீ குடிக்கும்போதுதான் ரோமிங் கிடைத்தது. ஸ்லிப்பில் தொகை அச்சாகி வருகிறதே என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். "அண்ணா, நான்தான் சொன்னேனே, அட்ஜஸ்ட் ஆயிரும். என்ஜாய் பண்ணுங்க" என்றார். அண்ணன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், முகம் தெளிந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். தெரிந்தே சொன்ன பொய் அது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசி இரவு பில் வந்தது. பானங்கள் 563 டாலர், சேவைக் கட்டணம் 101.34, மொத்தம் 664.34 டாலர். வாடிக்கையாளர் கவுண்டரில் நீள வரிசை. எல்லாரும் கையில் பில்லோடு நிற்கிறார்கள். என் முறை வந்ததும் அந்தப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்: சோடா பேக்கேஜ், 4 பேர். நாங்கள் கையெழுத்துப் போட்ட ஸ்லிப்புகளையும் காட்டினார். "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள் சார்" என்று சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அண்ணன் என் கையைப் பிடித்து, "விடுடா, நான் தர்றேன்" என்றார். அவர் கல்யாண நாள் பயணம் அப்படி முடிந்தது.

வங்கி 3.5 சதவீத வெளிநாட்டுக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 59,493 ரூபாயாக்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சொந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை. ஆபீஸ் நம்பரில், "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றார்கள். அப்புறம், "சார் துபாய் போயிருக்கார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போய் நின்றேன். துபாய் போனவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"பிரீமியம்னுதானே போட்டிருக்கோம், ஆல்கஹால்னு எங்கயும் போடலையே சார்" என்றார். 'அண்ணா' போய் 'சார்' வந்துவிட்டது. வாயால் சொன்னீர்களே என்றால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை." "குடிச்சீங்கல்ல? குடிச்சதுக்குத்தானே பில்லு?" என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது: "இதை வெளிய கொண்டுபோனா உங்களுக்குத்தான் சார் அசிங்கம். வீட்டு லேடீஸ் பேர்லயும் பார் பில் இருக்கு பாருங்க."

அண்ணி பேரில் இருந்தது ஆரஞ்சு ஜூஸும் காபியும். அதை பார் பில் என்று சொல்லி மிரட்டுகிறார்!

இந்தத் தைரியத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ஹோட்டல் ரூம் சரியில்லை என்றால் சத்தம் போடுவோம். ஒயின் பில்லில் ஏமாந்தேன் என்று நம் ஊரில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் பணம் போனதை விட்டுவிட்டு, குடித்ததைத்தான் பேசுவார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று கணக்குப் போட்டுத்தான் பேக்கேஜே விற்கிறார்கள். நான் வாயை மூடப்போவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தராமல் ஏமாற்றினால் அது மோசடிதான், பாட்டிலில் ஒயின் இருந்தாலும் சரி, ஜூஸ் இருந்தாலும் சரி.

கப்பல் நிறுவனத்தின் தளத்தில் விலையைப் பார்த்த பிறகு இன்னும் வயிறு எரிந்தது. மது சேர்ந்த பேக்கேஜ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 68 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம். நாலு பேருக்கு நாலு நாளுக்கு 1,10,410 ரூபாய் ஆகும். 52,000-க்கு அது கிடைக்கவே கிடைக்காது. சோடா பேக்கேஜ் 12 டாலர், அதே கணக்கில் 19,484 ரூபாய். ஆக, எங்களிடம் 52,000 வாங்கி, 19,484-க்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதி 32,516 ரூபாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது போக நாங்கள் கப்பலில் கட்டியது 59,493.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. நிஜ மது பேக்கேஜே எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு கிளாஸ் குடிப்பவருக்குத்தான் அந்த 68 டாலர் திரும்பும். எந்த பேக்கேஜும் இல்லாமல், விலையைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தால் ஒரு பாட்டிலும் நாலைந்து கிளாஸுமாக முடிந்திருக்கும். அண்ணி காபியை மெஷினிலேயே பிடித்திருப்பார்.

ஏஜென்சி கடைசியாகக் கொடுக்க வந்தது, அடுத்த பயணத்தில் 3,000 ரூபாய் தள்ளுபடி. அடுத்த பயணமாம்! வங்கியில் அந்தத் தொகையை எதிர்த்துப் புகார் பதிவு செய்தேன். கையெழுத்துள்ள ஸ்லிப் இருப்பதால் முடியாது என்று மூன்று வரியில் மெயில் வந்தது.

ஆலோசனை விவரமாக எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஏஜென்சி கொடுக்கும் தாளை நம்பாதீர்கள். முன்பதிவு எண்ணை வைத்துக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே நுழைந்து, பேக்கேஜ் பெயர் என்ன என்று பாருங்கள். 'மது' என்று தெளிவாக இல்லையென்றால் இல்லை என்றே அர்த்தம்.

மது பேக்கேஜ் எடுத்தாலும் பல கப்பல்களில் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் எடுத்தாக வேண்டும், குடிக்காதவருக்கும் சேர்த்து. ஒரு கிளாஸுக்கு இத்தனை டாலர்வரைதான் என்று உச்சவரம்பும் இருக்கும். பாட்டில் ஒயின் பெரும்பாலும் அதில் வராது.

பல நிறுவனங்கள் ஏறும்போது ஒரு பெரியவருக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டில் கொண்டுவர விடுகின்றன. சாப்பாட்டுக் கூடத்தில் திறந்தால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். விதியைக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

முதல் ஸ்லிப்பில் தொகை இருந்தால் அப்போதே கவுண்டருக்குப் போங்கள். அறை டிவியிலோ கப்பல் செயலியிலோ கணக்கைத் தினமும் பாருங்கள். இறங்கிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஏஜென்ட் போனில் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொட்டேஷன், ஸ்லிப்புகள், கப்பல் பில், பினாங்கிலிருந்து பேசிய அழைப்பின் பதிவு விவரம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். கோவையில் இதே மாதிரி 'பிரீமியம்' பேக்கேஜ் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், பெயர் வெளியே வராது. என் 59,493 ரூபாயோடு உங்கள் தொகையையும் சேர்த்துக் கேட்போம்.