கிராம சபையா, கருத்துக் கேட்புக் கூட்டமா?

ஊரை ஒட்டிப் பெரிய சுரங்கமோ விமான நிலையமோ வரப்போகிறது. ஊர்க்காரர்கள் வாய் திறக்க முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே பேச்சைப் பேசுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு.

கிராம சபை ஊரின் சொந்தக் கூட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். குறைந்தபட்ச வருகை இல்லாமல் தீர்மானம் செல்லாது. திட்டம் வெறும் பேச்சாக இருக்கும்போதே "வேண்டாம்" என்று எழுதி வைக்கலாம். ஆனால் அந்தத் தாளின் எடை இடத்துக்கு இடம் மாறும். ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் பின்னால் இருந்தன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தீர்மானத்தோடு மக்கள் மதுரைக்கே திரண்டு போனார்கள், 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராமமும் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. இருந்தும் அந்தத் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் கொள்கை அளவிலான ஒப்புதல் வந்துவிட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வேறு ரகம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது. கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். அதற்குள் திட்ட வரைபடம் தயாராகியிருக்கும், அதுதான் எரிச்சல். பந்தல், மைக், போலீஸ், அப்புறம் யாரோ வண்டி வைத்து அழைத்து வந்த ஆதரவுக் கூட்டம்.

கோபத்தில் வெளிநடப்பு செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். இந்தக் கூட்டம் தொடங்க இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கே கிடையாது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் நடத்தலாம். இங்கே கை தூக்கி எண்ணுவதும் இல்லை. ஆயிரம் பேர் "வேண்டாம்" என்றாலும் அது குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஆனால் "எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய் உங்கள் வரைபடத்தில் ஏன் இல்லை?" என்று ஒருவர் கேட்டால், நிறுவனம் தன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் பின்னால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்துக் காட்ட அதுவே உதவும்.

ஆக, கிராம சபையில் மறுப்பைச் சொல்லுங்கள், கருத்துக் கேட்பில் கேள்வியைக் கேளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால்? என் ஓட்டு கிராம சபைக்கே, அது முந்தி வருகிறது என்பதால். தீர்மான நகலை அன்றே கையில் வாங்கிவிட வேண்டும்.

மைக் கிடைக்காதவர்களுக்கு எழுத்து வழி இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வாரியத்துக்கு எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, அவரவர் சர்வே எண், கிணற்று ஆழம், போகம் என்று எழுதிய பத்து கடிதங்கள் மேல்.