வரி, சொத்து, பரீட்சை: ஓட்டுப் போட எது தகுதி?

என் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே சண்டை நடக்கும். பட்ஜெட் அன்று ஒன்று, ஏதாவது தேர்தல் முடிவு வரும் அன்று ஒன்று. “வரி கட்டுகிறவனுக்கு மட்டும் ஓட்டு கொடுத்தால் நாடு உருப்படும்” என்று ஒருவன் ஆரம்பிப்பான். “சொந்தமாக வீடு வாசல் இருப்பவனுக்குத்தான் ஊர் மேல் அக்கறை இருக்கும்” என்பான் அடுத்தவன். “அதெல்லாம் எதற்கு? சின்னதாக ஒரு பரீட்சை வைத்தால் போதும்” என்பான் மூன்றாமவன். பல வருடங்கள் அந்த மூன்றாமவன் நான்தான்.

பெங்களூரில் பதினான்கு வருடமாக இருப்பதால் மூன்று ஏற்பாடுகளையும் ஓரளவு அனுபவித்துப் பார்த்துவிட்டேன். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். குடியிருக்கும் அடுக்ககத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும்தான் சங்கத்தில் ஓட்டு. நான் வாடகைக்கு இருப்பவன், எனக்குக் கிடையாது. பட்டம் வாங்கியிருப்பதால் கர்நாடக சட்டமேலவையின் பட்டதாரி தொகுதியில் எனக்கு ஓர் ஓட்டு அதிகம். இவற்றோடு, வயதை மட்டும் பார்த்துக் கொடுத்த சாதாரண ஓட்டும் இருக்கிறது. நான்கையும் பார்த்த பிறகு இப்போது வயது போதும் என்ற பக்கத்தில் நிற்கிறேன். சமத்துவம், மனித மாண்பு என்ற காரணங்களை மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். என் மனத்தை மாற்றிய காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. ஸ்கூட்டர் வாங்கப் போகிறவன் கேட்கும் கேள்விதான்: சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், யாரிடம் கொண்டுபோய் விட வேண்டும்?

வரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார் என்ற பதில் எல்லோருக்கும் தெரிந்தது. “நான் சொல்வது வருமான வரி” என்பான் நண்பன். சரி, வருமான வரியே ஆகட்டும். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்று அறிவித்தார்கள். கோயம்புத்தூரில் அவன் வாங்கும் சம்பளம் அந்த வரம்புக்குள் வருகிறது. அவன் சொல்லும் விதிப்படி, நிதியமைச்சர் அன்று அவனுக்கு வரியைத் தள்ளுபடி செய்த கையோடு ஓட்டையும் தள்ளுபடி செய்திருக்க வேண்டும். அவனோ குழுவில் மைசூர்பாகு படம் போட்டுக் கொண்டாடினான். விவசாய வருமானத்துக்கும் வருமான வரி கிடையாது. ஆகவே தோப்பும் துரவுமாக வாழும் பண்ணையாரும் பட்டியலில் இருக்க மாட்டார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாக்காளர் பட்டியல் ஊதும், சுருங்கும். அதை ஊதவும் சுருக்கவும் செய்யும் பேனா, அந்தப் பட்டியலால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய அரசின் கையிலேயே இருக்கும்.

இதை வேறு நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓட்டுப் போட ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு பாக்கியை, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே. 1966இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணம் பெரிய தொகை இல்லை. தேர்தல் சூடே பிடிக்காத காலத்தில் போய்க் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஜெர்மனியின் பிரஷ்யாவில் 1849 முதல் 1918 வரை, கட்டும் வரியை வைத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். எஸ்ஸன் நகரில் ஆலை முதலாளி க்ரூப் முதல் வகுப்பில் தன்னந்தனியாக இருந்து, நகர்மன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தானே தேர்ந்தெடுத்த காலம் உண்டு.

அடுத்தது சொத்து. நம் ஊரிலேயே இது இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1937இல் நடந்த மாகாணத் தேர்தல்களில், நிலவரி, வீட்டு வாடகை, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதியைக் காட்டிய சுமார் மூன்று கோடிப் பேருக்குத்தான் ஓட்டு. கணவனின் சொத்துத் தகுதியைக் காட்டி மனைவிக்கு ஓட்டு வாங்கலாம் என்று ஒரு வழியும் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்ப நிலம் தர்மபுரிப் பக்கம் இரண்டே முக்கால் ஏக்கர். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொத்துதான் தகுதி என்றால் எங்கள் வீட்டில் ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

வேடிக்கை இருக்கட்டும். சொத்து வாக்குரிமை எப்படி வேலை செய்யும் என்பதை எங்கள் அடுக்ககத்தில் கண்ணெதிரே பார்க்கிறேன். பாதி வீடுகளில் வாடகைக்காரர்கள். பராமரிப்புப் பணம் மாதாமாதம் நாங்கள்தான் கட்டுகிறோம். 2024 மார்ச்சில் பெங்களூர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் ஆழ்துளைக் கிணறும் கைவிட்டது. கூடுதலாக டேங்கர் வாங்குவதா என்று சங்கக் கூட்டம் கூடியது. டேங்கர் வாங்கினால் பராமரிப்புக் கட்டணம் உயரும், கட்டணம் உயர்ந்தால் வீட்டை வாடகைக்கு விடுவது சிரமம். ஆகவே வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருந்த உரிமையாளர்கள் பதிலாள் கடிதம் அனுப்பி “வேண்டாம்” என்றார்கள். தீர்மானம் தோற்றது. அந்த மாதம் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் குழாயில் தண்ணீர். சமையலறையிலும் குளியலறையிலும் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிவிட்டு, ஆளுக்கு ஒரு வாளி என்று மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உரிமையாளருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய அக்கறை சுவரின் மேல். என்னுடையது குழாயின் மேல்.

இனி பரீட்சை. இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் நம்பியிருந்தேன். வரியும் சொத்தும் பணக்காரனுக்குச் சாதகம். படிப்பு யாரும் உழைத்துச் சம்பாதிக்கக்கூடியது என்ற எண்ணம்.

கர்நாடக சட்டமேலவையில் 75 உறுப்பினர்கள். அதில் 7 பேரைப் பட்டதாரிகள் மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் மேலவை இருந்தவரை, அதாவது 1986 வரை, இந்த ஏற்பாடு இருந்தது. 2024 ஜூன் தேர்தலுக்காக அதற்கு முந்தைய ஆண்டே படிவம் 18ஐ நிரப்பி, சான்றொப்பம் வாங்கிய பட்ட நகலோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பட்டத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பட்டத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து என் பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என் பெயருக்குப் பின்னால் போய் நின்றது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் எல்லாத் தமிழர்களுக்கும் தெரிந்த தொல்லை இது. “இரண்டும் வேறு ஆள்” என்று திருப்பிவிட்டார். நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கொண்டுபோனேன். பட்டத்தின் அசலைக் கேட்டார். அசல் பெட்டிக்குள் லேமினேட் செய்யப்பட்டு ஊரில் அம்மாவிடம் இருந்தது. மூன்றாம் முறை போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர். அசலை எடுக்கக்கூட விடவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அதே காகிதங்கள், அதே நான்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. என் தகுதியை இத்தனை நாள் நிர்ணயித்தது பல்கலைக்கழகம் இல்லை, அந்த நாற்காலி. நான் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவன் என்பதால் மூன்று முறை போனேன்.

அமெரிக்கத் தென் மாநிலங்கள் இந்த நாற்காலியின் பலத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தன. மிசிசிப்பி 1890இல் எழுதிய அரசியலமைப்பு, வாக்காளர் அதில் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொண்டு விளக்க வேண்டும் என்றது. எந்தப் பிரிவு, விளக்கம் சரியா என்பதைப் பதிவு அலுவலரே தீர்மானிப்பார். வெள்ளையருக்கு எளிய ஒரு வாக்கியம், கறுப்பருக்குச் சட்ட நுணுக்கம். லூசியானா 1898இல் ஒரு படி மேலே போனது. அப்பாவோ தாத்தாவோ 1867 ஜனவரி 1க்கு முன் ஓட்டுரிமை பெற்றிருந்தால் பேரனுக்குப் பரீட்சையே வேண்டாம். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் தாத்தாக்களுக்கு அந்தத் தேதியில் ஏது ஓட்டு? 1896இல் அங்கே பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000க்கு மேல். 1904இல் 1,342 பேர்.

அது இனவெறி, நம் ஊரோடு ஒப்பிடலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைக் காட்டுவேன். 1931இல் இலங்கை எல்லா வயது வந்தோருக்கும் வாக்குரிமை தந்தது, ஆசியாவிலேயே முன்னோடியாக. ஆனால் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களுக்கு மட்டும் வேறு கணக்கு: இதுதான் நிரந்தர இருப்பிடம் என்று நிறுவ வேண்டும், இல்லையேல் எழுத்தறிவோடு வருமானமோ சொத்தோ காட்ட வேண்டும், அதுவும் இல்லையேல் ஐந்தாண்டு வசிப்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லோருக்கும் திறந்த கதவில் அவர்களுக்கு மட்டும் ஒரு திட்டிவாசல். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் பிறந்தவர்களிடம் அப்படி ஒரு காகிதம் எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டு திருத்தச் சட்டம் ஓட்டையும் எடுத்துக்கொண்டது. அவர்கள் பறித்த தேயிலைக்கு வரி வந்துகொண்டுதான் இருந்தது.

“கணினியில் தேர்வு வைத்தால் குமாஸ்தாவே வேண்டாமே” என்று ஒருவன் மடக்கினான். நல்ல கேள்விதான். 2018இல் நீட் எழுதத் தமிழகப் பிள்ளைகள் சிலர் ராஜஸ்தான் வரை போனது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அந்த ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழை என்று சொல்லி 196 மதிப்பெண் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குமாஸ்தா போய்விடவில்லை. கேள்வி எழுதுகிறவராகவும் மொழிபெயர்க்கிறவராகவும் மையம் ஒதுக்குகிறவராகவும் மூன்று பேராகப் பெருகியிருக்கிறார்.

படித்தவர்கள் கவனமாக ஓட்டுப் போடுவார்கள் என்ற நம்பிக்கையும் அந்த ஜூன் மாதம் ஆட்டம் கண்டது. மேலவைத் தேர்தலில் இயந்திரம் கிடையாது, சின்னம் கிடையாது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும், அங்கே தரும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் மட்டும். சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் கழுத்தில் கம்பெனி அட்டையோடு நின்றவர் வெளியே வந்து, “டிக் அடித்துவிட்டேன், சரிதானே?” என்று தன் நண்பரைக் கேட்டார். அது செல்லாத ஓட்டு. பட்டதாரி தொகுதிகளில் செல்லாத ஓட்டுகள் ஆயிரக்கணக்கில் விழுவது புதிதும் அல்ல. வீட்டு வேலைக்கு வரும் கிருஷ்ணகிரி அக்காவிடம் அன்று மாலை இதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் போகாதவர். “பட்டன் இல்லையா அண்ணா? அப்படியென்றால் தப்பாகத்தானே போகும்” என்றார், அவர்களுக்காகப் பரிதாபப்பட்டு.

இந்த ஓட்டைத் தக்கவைக்கும் செலவும் சேர்கிறது. பட்டதாரி தொகுதியின் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். ஒரு முறை பதிந்த பெயர் அடுத்த முறை இருக்காது. மறுபடியும் படிவம், நகல், சான்றொப்பம், அந்த நாற்காலி. சாதாரணப் பட்டியலில் நான் வீடு மாறினால் ஒழிய யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. நான் பார்த்தது ஒரே ஓர் அலுவலகம், ஒரே ஒரு தேர்தல். வேறு இடங்களில் இது சுலபமாக நடந்திருக்கலாம். ஆனால் சுலபமாக நடந்தாலும், நடத்திக் கொடுப்பவரின் தயவில்தான் நடக்கிறது.

வயது மட்டும் போதும் என்ற ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள், பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்; சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆனால் சுமார் 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் மகள்” என்றே பதிந்திருந்ததால், தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் அவர்கள் பெயர்களை நீக்கினார்கள். நிபந்தனையே இல்லாத இடத்திலும் பெயர் ஒரு பரீட்சையாகிவிட்டது. இன்றும் விசாரணைக் கைதிக்கு ஓட்டுப் போட முடியாது, ஊர் விட்டு ஊர் போன கட்டடத் தொழிலாளிக்குத் தன் வாக்குச்சாவடி எட்டாத தூரத்தில் இருக்கிறது. காகிதம் கேட்பது முழுக்க ஒழியப்போவதில்லை. ஒரே ஒரு கேள்விக்குக் காகிதம் கேட்கும்போதே இத்தனை பேர் விழுகிறார்கள் என்றால், மேலே இன்னொரு கேள்வியை ஏற்றத் துணிவு வரவில்லை எனக்கு.

வேட்பாளருக்குத் தகுதி வைக்கலாமா என்பதில் மட்டும் நான் இன்னும் தடுமாறுகிறேன். ஹரியானா 2015இல் ஊராட்சி வேட்பாளர்களுக்குப் பள்ளிப்படிப்பையும் வீட்டில் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. எங்கள் ஊர் ஊராட்சித் தலைவர் ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதாகப் பாவனை செய்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஏரி மதகைச் சரியான நாளில் திறக்கச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. டேங்கர் தண்ணீர் மூன்றாவது தீர்மானம். வாடகைக்கு இருப்பவர்களும் வந்து பார்வையாளராக உட்காரலாம், கையைத் தூக்க மட்டும் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கீழே, காபியும் வடையும் உண்டு என்று போட்டிருக்கிறார்கள்.