மட்டைக் குழாயா, பைபர் குழாயா: திருகோணமலையில் உருவான இரண்டு ஏவூர்திகள்

கடந்த மார்கழி விடுமுறைக்கு மெல்பேணிலிருந்து உவர்மலை வீட்டுக்கு வந்த என் தங்கையின் மகன்மார் இருவரும் பயணப்பெட்டிகளில் ஆளுக்கொரு உயர்வலு ஏவூர்திக் கிட்டை, அதாவது பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் பெரிய மாதிரி ஏவூர்தியின் பாகங்களடங்கிய தொகுதியை, கொண்டுவந்திருந்தார்கள். இரண்டும் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் விட்டமும் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டவை. மூத்தவனுடையது பைபர் கிளாஸ் குழாய். இளையவனுடையது தடித்த காகித மட்டைக் குழாய். இத்தகைய ஏவூர்திகளைப் பறக்கவிடும் ஆர்வலர்களின் அமைப்பான திரிப்போலி ஏவூர்திச் சங்கத்தின் முதல் நிலைச் சான்றைப் பெறுவதே இருவருடைய நோக்கமும். பறக்கவிடுபவரே ஏவூர்தியைக் கட்டியிருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் விதி என்பதால், நான் பசையைக்கூடத் தொடாமல், அருகிலிருந்து பார்த்தும் கேள்வி கேட்டும் வந்தேன். முதன்முறை கட்டுபவருக்கு, அதுவும் நம் ஊர்க் காலநிலையில் கட்டுபவருக்கு, எது பொருந்தும் என்பதே அப்போது என் மனதில் ஓடிய கேள்வி.

ஏவூர்தி இயக்கிகள் மொத்தக் கணத்தாக்கைக் கொண்டு (சராசரி உதைப்பை எரியும் நேரத்தால் பெருக்கி வரும் அளவு) எழுத்துவரிசையில் வகுக்கப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச எல்லை இரட்டிப்பாகிறது. ஜி வகை 160 நியூட்டன் செக்கனில் முடிகிறது. அதற்கு மேல் 320 வரை எச், 640 வரை ஐ. இவ்விரண்டும் முதல் நிலைக்குரியவை. ஜே, கே, எல் மூன்றும் இரண்டாம் நிலைக்கும், எம் முதல் மேலுள்ளவை மூன்றாம் நிலைக்கும் உரியவை. எரிபொருள் அமோனியம் பெர்குளோரேற்றை இறப்பர் போன்ற பிணைபொருளில் கலந்து வார்த்த திண்மம். விமானப் பயணப்பொதியில் அதற்கு அனுமதியில்லை. இலங்கையில் வெடிபொருட்களுக்கான சட்டமும் கடுமையானது. சீனன்குடாவில் விமானப்படைத் தளமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் உள்ள ஊரில் இத்தகைய ஒன்றை ஏவிப் பார்க்க நினைப்பதே தவறு என்று நான் இருவருக்கும் முதல் நாளே சொன்னேன். ஆகவே கட்டுவது இங்கே, இயக்கி வாங்கிப் பறக்கவிடுவது அங்கே என்பதுதான் ஏற்பாடு. செட்டை பொருத்திய நீண்ட குழாய் ஒன்று இந்த ஊரில் எந்த நினைவுகளைக் கிளப்பும் என்பது நமக்குத் தெரியும். அதனால் அயலவர்களுக்கும் கிராம சேவகருக்கும் விடயத்தை முன்கூட்டியே விளக்கிவிட்டு, வேலை முழுவதையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். இங்கிருந்து இதைச் செய்ய விரும்பும் எவரும் அந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

பைபர் என்றால் திருகோணமலைக்குப் பழக்கமான பொருள். கரையோரமெங்கும் பைபர் படகுகள் நிற்கின்றன. உடைந்த அணியத்தை ஒரு பிற்பகலில் ஒட்டிக் கொடுக்கக்கூடிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. மூத்தவனுக்கு இது பெரிய துணையாக இருக்கும் என்று நானும் முதலில் நம்பினேன். ஆனால் படகு வேலையில் பெரும்பாலும் புழங்குவது பொலியெஸ்டர் பிசின்; ஏவூர்திக் கிட்டுக்கு வேண்டியது எபொக்சி. ஏற்கெனவே இறுகிய குழாயில் பொலியெஸ்டர் எபொக்சி அளவுக்கு வலுவாகப் பற்றாது. ஆனாலும் படகுக்காரர்களிடமிருந்து அவன் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் விலைமதிப்பற்றது: ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பான அரத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, தூசியை முற்றாகத் துடைத்த பின்பே பசையை வைப்பது. இதைச் செய்யாத பைபர் இணைப்பு வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் ஓர் அடியில் தகடாகக் கழன்றுவிடும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் நல்ல முகக்கவசம் அணிவதும் கட்டாயம். மட்டைக் குழாயில் இந்த ஆபத்து இல்லை. மேற்பரப்பை இலேசாக உரசினால் போதும், பசை நாருக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

மட்டையின் பகைவன் ஈரம். மார்கழி நமக்கு வாடைக்காற்றும் மழையும் சேரும் மாதம். இளையவன் குழாயைத் திறந்த அறையில் ஒரு வாரம் வைத்ததில், முதல் நாள் வழுக்கிக்கொண்டு உள்ளே சென்ற இணைப்புக்குழாய் பின்னர் பாதியில் இறுகி நின்றது. உச்சியில் ஏவூர்தி பிரிந்து பரசூட்டை வெளியேவிட வேண்டிய இடம் அதுவே. அங்கே இறுக்கம் என்றால் முழு ஏவூர்தியும் மூக்குக் குப்புற வந்து விழும். அவன் குழாயின் இரு விளிம்புகளிலும் மெல்லிய எபொக்சியைப் பூசி ஊறவிட்டு, உலர்ந்த பின் இணைப்பைத் தேய்த்துச் சரிசெய்தான். சுருளாகச் சுற்றிய மட்டையின் தையல்கோடுகளை நிரப்பித் தேய்க்க அவனுக்கு மேலும் மூன்று நாட்கள் பிடித்தன. பைபர் குழாய்க்கு இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை. எபொக்சிக்கு மட்டும் ஈரம் இருவருக்கும் பொதுவான பிரச்சினை: ஈரலிப்பான காற்றில் இறுகும் எபொக்சியின் மேல் எண்ணெய் போன்ற படலம் படிவதுண்டு, அதைத் தண்ணீரால் கழுவி உலர்த்தாமல் அடுத்த பூச்சு வைத்தால் அது பற்றாது. ஐந்து நிமிட எபொக்சி நம் வெப்பத்தில் இன்னும் விரைவாக இறுகிக் கைக்கு அடங்காமல் போவதால், செட்டைகளுக்கு மெதுவாக இறுகும் வகையையே இருவரும் பயன்படுத்தினார்கள்.

இதுவரை சொன்னதில் பைபருக்கே வெற்றி என்று தோன்றலாம். தராசில் வைத்தபோது கதை மாறியது. கட்டி முடித்த மட்டை ஏவூர்தி ஒன்றரைக் கிலோ. பைபர் ஏவூர்தி 3.2 கிலோ. இயக்கியின் சராசரி உதைப்பு ஏவூர்தியின் நிறையைப் போல் குறைந்தது ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் எல்லோரும் பின்பற்றும் அளவுகோல். சராசரி 128 நியூட்டன் உதைப்புத் தரும் எச் வகை இயக்கி ஒன்றைப் பொருத்தினால், மட்டை ஏவூர்தி மொத்தம் 1.7 கிலோவாகி, நிறை 17 நியூட்டன், விகிதம் ஏழரை. அதே இயக்கியோடு பைபர் ஏவூர்தி 3.4 கிலோ, நிறை 33 நியூட்டன். விகிதம் நான்கையும் எட்டவில்லை. உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் இங்கே ஒரு கணக்கைத் தாங்களே செய்து பார்க்கலாம்: 1.8 மீற்றர் வழிகாட்டித் தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது மட்டை ஏவூர்தியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 15 மீற்றர், பைபருடையது 10 மீற்றர். தண்டவாளத்தை நீங்கிய கணத்திலிருந்து ஏவூர்தியை நேராக வைத்திருப்பது செட்டைகளைக் கடக்கும் காற்று மட்டுமே. 10 மீற்றர் வேகத்தில் பக்கக் காற்று ஏவூர்தியின் மூக்கை இலகுவாகத் திருப்பிவிடும். ஆகவே மூத்தவன் தன் முதல் பறப்புக்கே ஐ வகை இயக்கியை வாங்க வேண்டியவனானான்; கிட்டுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்திருந்த அவனுக்கு இது இரண்டாம் செலவு.

நிலைத்தன்மையில் இருவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏவூர்தியின் புவியீர்ப்பு மையம், காற்றின் விசை ஒட்டுமொத்தமாகத் தாக்கும் புள்ளியான அமுக்க மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம், அதாவது 98 மில்லிமீற்றர், இருக்க வேண்டும். அமுக்க மையத்தைக் கணிக்கும் வழியை 1960களில் ஜேம்ஸ் பரோமன் வகுத்தார். இப்போது ஓப்பன்ரொக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்து தருகிறது. இளையவன் செட்டை மூலைகளில் தாராளமாக எபொக்சி வைத்ததால் வால்பகுதி பாரமாகி, புவியீர்ப்பு மையம் பின்னோக்கி நகர்ந்துவிட்டது. கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் வாங்கிய ஈயக்குண்டுகளை மூக்கினுள் எபொக்சியில் புதைத்து அதைத் திருத்தினான். இலேசான ஏவூர்தியில் இத்தகைய பிழைக்கு விரைவில் தண்டனை கிடைக்கிறது. பைபரில் மூத்தவன் செய்த அதே தாராளம் மையத்தை அவ்வளவாக அசைக்கவில்லை.

இறங்கும் வேளையில் நிறை மீண்டும் பேசுகிறது. செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் வேகத்தில் இறங்க மட்டைக்கு 120 சென்ரிமீற்றர் பரசூட் போதும். பைபருக்கு 170 தேவை, அதை அதே குழாயினுள் மடித்து அடைப்பது பழகாத கைக்குச் சிரமம். மறுபுறம், பரசூட் தாமதமாக விரிந்தால், அதை ஏவூர்தியுடன் பிணைக்கும் இழுவைக்கயிறு மட்டைக் குழாயின் விளிம்பைக் கத்தி போல் கிழித்துவிடும். பைபர் அதைத் தாங்கும். எரிந்து முடிந்து சில செக்கன்களின் பின் பரசூட்டை வெளியே தள்ளவைக்கும், இயக்கியிலேயே உள்ள தாமதத் திரியை நம்பும் முதல் பறப்பில் இந்தத் தாமதம் அரிதானதல்ல என்பதால், இது பைபருக்குச் சார்பான உண்மையான வாதம். பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோவதிலும் பைபரே மேல். மட்டைக் குழாய் நசுங்காமலிருக்க அதனுள் சாரங்களைச் சுருட்டித் திணித்து அனுப்பினோம்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மட்டை ஏவூர்தி எச் இயக்கியில் 280 மீற்றரளவில் உச்சியை எட்டும் என்று மென்பொருள் காட்டியது. அங்கிருந்து தரைக்கு 50 செக்கன். செக்கனுக்கு 8 மீற்றர் காற்றில் 400 மீற்றர் தள்ளிப் போகும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை அறிந்த நமக்கு இந்த எண் என்ன சொல்கிறது என்று விளங்கும்: உப்புவெளிக் கரையில் ஏவியிருந்தால் அது கடலுக்குத்தான். விரிந்த மேய்ச்சல் நிலத்தில் 400 மீற்றர் நடந்து எடுத்துவிடலாம். ஐ இயக்கியின் தேர்வைப் பொறுத்துப் பைபர் அதைவிட உயரமாகச் செல்லக்கூடும், அப்போது நடையும் கூடும்.

ஆகவே முதல் நிலைக்கு நான் மட்டைக் குழாயையே பரிந்துரைப்பேன், அதுவும் முடிந்தால் மழை மாதங்களில் அல்லாமல் கச்சான் வீசும் உலர்ந்த மாதங்களில் கட்டும்படி. மார்கழியில்தான் கட்ட முடியும் என்றால், குழாயைப் பையில் மூடி வைத்து, இணைப்புகளை ஒவ்வொரு காலையும் கழற்றிப் பார்த்து, விளிம்புகளுக்கு முதல் நாளே எபொக்சி ஊட்டிவிட வேண்டும். மூத்தவனின் ஏவூர்தி வீண் அல்ல. ஜே வகை இயக்கி பொருத்தி, உயரமானி ஒன்றைக் கொண்டு உச்சியில் சிறிய பரசூட்டையும் தரைக்கு 200 மீற்றர் மேலே பெரிய பரசூட்டையும் விரிக்கும் இரண்டாம் நிலைப் பறப்புக்கு அந்த உறுதி வேண்டியிருக்கும். அதற்காக அவன் குழாயின் நடுவே உயரமானி வைக்க ஒரு வெற்றறையை இப்போதே ஒதுக்கி, வெளிக்காற்றின் அமுக்கத்தை உள்ளே விடும் சிறு துளைகளையும் அளந்து குறித்திருக்கிறான்.