எந்தத் தாத்தா வைத்த ஊறல்? நான்கு கென்டக்கி பர்பன்கள்

பர்பன் என்பது மக்காச்சோளத்தில் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பர்பன் பாட்டில் எதை எடுத்தாலும் லேபிளில் ஒரு தாத்தா இருப்பார். கையெழுத்தாகவோ, படமாகவோ, 'இத்தனை தலைமுறையாக' என்ற வரியாகவோ. சொத்து இன்று யார் கையில் இருக்கிறது, காய்ச்சுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று விசாரித்தால்தான் விஷயம் சுவாரசியமாகும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது அங்கே அபூர்வம்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய், பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால். மீதித் தானியம் என்ன, பீப்பாய்க்குள் எத்தனை சதவீத ஆல்கஹாலோடு ஊற்றுவது, கிடங்கின் எந்த மாடியில் வைப்பது என்பதெல்லாம் அவரவர் வீட்டுப் பழக்கம்.

ஜிம் பீமில் தொடங்குவோம். ஜேக்கப் பீம் 1795இல் முதல் பீப்பாயை விற்றார் என்பது குடும்பக் கணக்கு. 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு. அது முடிந்தபோது ஜேக்கப்பின் வழிவந்த ஜிம் பீமுக்கு ஏறக்குறைய 70 வயது. அந்த வயதில் கிளெர்மான்ட்டில் 120 நாளில் புது ஆலையை எழுப்பினார். ஈஸ்டை ஒரு ஜாடியில் போட்டு, காரின் முன்சீட்டில் வைத்து வாராவாரம் வீட்டுக்கு எடுத்துப் போவாராம். நம் வீட்டில் உறைமோரைக் காப்பாற்றுகிற மாதிரிதான். குடும்பப் பெயர் மகள் வழியில் 'நோ' என்று மாறிவிட்டாலும் ஃபிரெட் நோ, அவர் மகன் ஃபிரெடி என்று வரிசை தொடர்கிறது. முதலாளி மட்டும் ஜப்பானின் சன்டோரி. 2014இல் கடனையும் சேர்த்து 1,600 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

ஹெவன் ஹில் இதற்கு நேர் தலைகீழ். 1935இல் பார்ட்ஸ்டவுனில் இதைக் கையிலெடுத்த ஷபீரா சகோதரர்கள் ஐந்து பேரும் துணிமணி வியாபாரிகள், காய்ச்சத் தெரியாதவர்கள். தெரிந்த ஆளைத் தேடினார்கள். கிடைத்தது யார்? பீம் குடும்பத்துப் பங்காளிகள்! ஜிம் பீமின் தம்பி மகன் எர்ல், அவர் மகன் பார்க்கர், பேரன் கிரெய்க் என்று ஒரு கிளையே அங்கே வேலை பார்த்தது. ஆலை இன்றும் ஷபீரா குடும்பத்தின் சொத்து. ஆக, பீம் பெயர் இருக்கும் இடத்தில் பீம்களுக்குச் சொத்து இல்லை. சொத்தை விடாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்கோ தொழில் சொல்லிக் கொடுத்தது பீம்கள்.

1996 நவம்பர் 7 அன்று ஹெவன் ஹில்லில் தீ. ஏழு கிடங்குகளும் சுமார் 90,000 பீப்பாய்களும் போயின. எரிகிற விஸ்கி சரிவில் ஆறாக ஓடியது. காய்ச்சும் ஆலையும் மிஞ்சவில்லை. அப்போது தங்கள் ஆலையில் காய்ச்சித் தந்தவர்களில் ஜிம் பீமும் உண்டு. போட்டியெல்லாம் கடை அலமாரியில்தான் போல.

சுவையிலும் இரண்டும் உறவுக்காரர்கள்தான். இரண்டிலும் மக்காச்சோளம் முக்கால் பங்குக்கு மேல், ரை என்கிற காரமான தானியம் கொஞ்சம். வறுத்த வேர்க்கடலை வாசம் இரண்டிலும் வரும். ஆனால் 40 சதவீத ஜிம் பீம் வெள்ளை லேபிள் வாயில் தண்ணீராக ஓடிவிடுகிறது. ஹெவன் ஹில்லின் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் 50 சதவீதம். 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசு மேற்பார்வையில் நான்கு வருடமாவது கிடங்கில் இருந்த சரக்கு. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. என் ஓட்டு யோசிக்காமல் இதற்குத்தான்.

வைல்ட் டர்க்கியை ரஸல் குடும்பம் ஒரு நாளும் சொந்தமாக வைத்திருந்ததில்லை. 2009 முதல் இத்தாலியின் கம்பாரி முதலாளி. ஆனால் ஜிம்மி ரஸல் 1954இல் வேலைக்குச் சேர்ந்தார், மகன் எடி 1981இல், பிறகு பேரன் புரூஸ். முதலாளி மாறினாலும் கைப்பக்குவம் மாறவில்லை. பீப்பாயின் உட்புறத்தை முதலைத் தோல் மாதிரி வெடிக்கும் வரை கருக்குகிறார்கள். சட்டம் 62.5 சதவீத ஆல்கஹால் வரை பீப்பாயில் ஊற்ற அனுமதித்தாலும் இவர்கள் 57.5இல் நிறுத்துகிறார்கள். பீப்பாய் எண்ணிக்கை கூடும், செலவும் கூடும். ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் தண்ணீர் குறையும், மரத்தின் சாரம் நீர்த்துப் போகாது. 50.5 சதவீத '101'ஐ ராவாக ஒரு மிடறு குடித்தால் முதலில் பாகு காய்ச்சுகிற வாசம், அப்புறம் மிளகு, விழுங்கிய பிறகு நெஞ்சில் நிதானமாகப் படரும் சூடு.

அதை வைத்துவிட்டு மேக்கர்ஸ் மார்க்கை எடுத்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். இதில் ரை கிடையாது. 70 சதவீதம் மக்காச்சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. மிளகு காணாமல் போய் இனிப்பும் மென்மையும் முன்னுக்கு வருகின்றன. பில் சாமுவேல்ஸ் 1953இல் ஆலையை வாங்கியபோது பாட்டன் காலத்துச் செய்முறைத் தாளைக் கொளுத்தினார், ஜன்னல் திரையும் சேர்ந்து பற்றிக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்களாம். காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தால் வருடக்கணக்காகும் என்று, வெவ்வேறு தானியக் கலவையில் ரொட்டி சுட்டு ருசி பார்த்தார்கள் என்றும் கதை உண்டு. பெயர், பாட்டில், சிவப்பு மெழுகு எல்லாம் மனைவி மார்ஜியின் யோசனை. 1981இல் குடும்பம் விற்றுவிட்டது. இன்று ஜிம் பீமுக்கும் இதற்கும் முதலாளி ஒருவரே. 2013இல் சரக்கு போதவில்லை என்று 45 சதவீதத்தை 42 ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். குடிக்கிறவர்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே பின்வாங்கினார்கள்.

ராவாகக் குடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு மேக்கர்ஸ் மார்க்கைக் கொடுப்பேன். எனக்கென்று ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் வைல்ட் டர்க்கி 101. மேக்கர்ஸ் மார்க் வாங்கினால் மெழுகை வெட்டக் கத்தி எடுக்காதீர்கள். கழுத்தில் சின்னதாக ஒரு நாடா முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து ஒரு சுற்று இழுத்தால் போதும்.