அப்பாவின் அகாய் டெக்: ஏழு வருட ஓட்டம்

1983இல் சவூதியின் தம்மாமிலிருந்து விடுப்பில் வந்தபோது அப்பா தூக்கிக்கொண்டு வந்த அகாய் கேசட் டெக் இது. நாடாவைப் படிக்கும் முனை கண்ணாடியும் ஃபெரைட்டும் சேர்ந்த ‘ஜிஎக்ஸ் ஹெட்’, அது போட்ட வரிசை. 2018 மே மாதம் பரணிலிருந்து இறக்கினேன். அன்றிலிருந்து ஏழு வருடமாக, நடுநடுவே படுத்து எழுந்து, ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் கெடுத்ததில் வயதுக்குப் பாதிப் பங்கு, பழுது பார்த்தவர்களுக்கு மீதிப் பங்கு. அந்த வரிசையில் நானும் ஒருத்தன்.

இறக்கிய அன்று விளக்கு எரிந்தது. ப்ளே அழுத்தினால் மோட்டார் முனகும் சத்தம் மட்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் இருந்த இடத்தில் தார். ஃப்ளைவீலிலும் மோட்டார் புல்லியிலும் அப்பிக்கிடந்தது. துணியால் தொட்டால் நூல் நூலாக வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சும் வைத்துத் துடைத்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விரல் கறை போக இன்னும் நாலு நாள்.

உருகிப்போன பெல்ட்டுக்கு ஏது அளவு? அது ஓடும் வழியில் தையல் நூலைச் சுற்றி அளந்து, அதில் ஐந்து, ஏழு சதவீதம் கழித்துக்கொண்டு, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். எண்பது ரூபாய்க்கு ஒரு கலவைப் பாக்கெட். போட்டதும் பாடியது. ஆனால் நாதஸ்வரத்தில் நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் கிணற்றுக்குள் வாளி ஆடுகிற மாதிரி ஆடியது. தட்டை பெல்ட் போட வேண்டிய இடத்தில் சதுர பெல்ட் போட்டிருக்கிறேன், வேறென்ன. சரியானதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தபோது பெல்ட்டை விடத் தபால் செலவுதான் அதிகம்.

நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை, பின்ச் ரோலர், கண்ணாடி மாதிரி இறுகி நாடாவைத் தின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகும், மூன்று மாதத்துக்கு. அதற்குள் இரண்டு கேசட்டைக் கசக்கித் துப்பிவிட்டது. விட்டமும் அச்சுத் துளையும் பார்த்துப் புதிது வாங்கிப் போட்ட பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை.

அடுத்தது என் திருவிளையாடல். பழைய கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் புதுசாகிவிடும் என்று படித்துவிட்டு, ஒரே இரவில் முப்பத்தெட்டு கண்டென்சரை மாற்றினேன். காலையில் இடது பக்கம் ஊமை. எதைத் தலைகீழாக வைத்தேன் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம். பிறகு கண்டென்சரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் ஒன்று வாங்கி, கழற்றி வைத்திருந்த பழசையெல்லாம் சோதித்தேன். பவர் சப்ளையில் இருந்த மூன்றுதான் போயிருந்தன. மீதி முப்பத்தைந்தும் நன்றாகவே இருந்தன. ஒரு தடவைக்கு ஒன்று, மாற்றியதும் போட்டுக் கேள் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு.

எனக்கு முன்னால் பார்த்த மெக்கானிக் இன்னும் தாராளம். ரெக்கார்டிங் பக்கத்தில் அளவு கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகுகள், ட்ரிம்பாட், அத்தனையையும் திருகியிருந்தார். எது எங்கே நின்றது என்பதற்கு ஒரு கோடுகூடக் கிழித்து வைக்கவில்லை. எவ்வளவோ முயன்றும் பதிவு மட்டும் பழையபடி வரவில்லை, விட்டுவிட்டேன். ஆகவே இது இப்போது பாடும் பெட்டி, பதியும் பெட்டி அல்ல.

வேகம் பார்ப்பது சுலபம். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட், அதிர்வெண் காட்டும் ஒரு மொபைல் செயலி, இரண்டும் போதும். எனக்கு 3210 காட்டியது. கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் கூடுதல் வேகம். மோட்டார் பின்புறத் துளைக்குள் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு மயிரிழை திருப்பினால் இறங்கிவிடும்.

ஹெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண டெக் ஹெட்டில் நகத்தை ஓட்டினால் நாடா தேய்த்த பள்ளம் தட்டும். இந்த ஃபெரைட் ஹெட்டில் நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒன்றும் தட்டவில்லை.

இவ்வளவு பாடுபட்டது எதற்கென்றால், ஒரு டப்பா நிறைய கடிதக் கேசட்டுகள் இருந்தன. அம்மா தஞ்சாவூரில் டூ இன் ஒன்னில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியில், பேசிப் பதிந்து, ஊர் வந்து திரும்புகிறவர்கள் கையில் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பியவை. போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. பதிந்த பெட்டியின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், அதே சாய்வில் படித்தால்தான் எழுத்து தெளியும். ஹெட் பக்கத்து ஸ்க்ரூ எங்கே நின்றதோ அங்கே முதலில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு கோடு வைத்தேன். ஆம்ப்ளிஃபயரை, இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் மோனோவில் போட்டேன். மோனோவில்தான் கோணத் தப்பு காதுக்கு நன்றாகப் பிடிபடும். கால் சுற்று திருப்பியிருப்பேன், ‘ச’வும் ‘ஸ’வும் பிரிந்தன. பின்னால் குக்கர் விசில். அம்மா அருகில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். “பால் கணக்கு தப்பாச் சொல்லியிருக்கேன்டா. அறுபத்தஞ்சு இல்ல, எழுபத்தஞ்சு.”

ஓட்ட முடிந்ததையெல்லாம் மொபைலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்னவோ பெட்டியில் கேட்டால்தான் ஆகிறது. கேட்டு முடித்ததும் ஸ்க்ரூவை வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் கடையில் வாங்கிய கேசட்டெல்லாம் போர்வைக்குள் போய்விடும்.

மொத்தச் செலவு மீட்டரோடு ஒன்பதாயிரம் சொச்சம். ஐந்தாம் வருடம் பெல்ட் மறுபடி தொய்ந்தது. சென்னைப் புழுக்கத்தில் ஓட்டாமல் வைத்தால்தான் சீக்கிரம் கெடுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஓட விடுகிறேன். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை உள்ளே விடுவதில்லை, ஹெட்டெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கடிதக் கேசட்டில் அப்படி இன்னும் நாலு கிடக்கிறது. நாடாவைப் பிரித்து வேறு கூட்டுக்குள் மாற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், தைரியம் வரவில்லை.